அலமாரியில் நீ ஒளித்துவைத்த நாற்றம்

என் பரம எதிரியும் பாசக்காரனுமான அண்ணனுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கறதுதான் வழக்கம். உன்கிட்ட அதைக் கேட்டா எனக்கே சிரிப்பு வந்துடும், அதனால விட்டுடறேன். இந்தக் கடுதாசியை நாலு பேர் படிப்பாங்க. படிக்கட்டும். உன் மானத்தைக் காப்பாத்தற வேலையை நான் எப்பவும் ஏத்துக்கிட்டதில்ல. இப்பவும் ஏத்துக்கல.

சேதி இதுதான். ஞாயித்துக்கிழமை நம்ம ரூம் அலமாரியைக் காலி பண்ணிட்டோம். மேல்தட்டெல்லாம் உனக்கு, கீழ்த்தட்டெல்லாம் எனக்குன்னு நீ சாக்பீஸ்ல கோடு போட்டு எல்லை பிரிச்ச அதே அலமாரிதான். இப்ப முழுசும் எனக்குத்தான். இதுக்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன்! செயிச்சுட்டேன். ஆனா மேல்தட்டுல ஒரு கைக்குட்டையைக் கூட வெக்க மனசு வரல.

பெரியம்மாதான் ஆரம்பிச்சு வெச்சாங்க. "செத்தவன் துணிமணி ஊட்டுல கெடக்கக் கூடாதுங்க தம்பி. ஆடி பொறக்கறதுக்குள்ள ஆத்துல உட்டுட்டு வந்துருங்க"ன்னு அப்பாகிட்ட சொன்னாங்க. தறிப்பட்டறையிலிருந்து அப்பத்தான் வந்து நின்ன அப்பா, தலையில ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டல. "சரிங்க"ன்னார். அவ்வளவுதான்.

அம்மா அந்த ரூம் பக்கமே வரல. ஏன்னு உனக்குத் தெரிய வாய்ப்பில்ல. அது நீ போனதுக்கு அப்புறம் நடந்தது.

நீ லீவுக்கு வந்தா உன் பை வாசப்படி தாண்டாது, ஞாபகம் இருக்கா? நீ செருப்பைக் கழட்டறதுக்குள்ள அம்மா அதை வாங்கிக் கொல்லைக்குக் கொண்டு போயிருவாங்க. கிரீஸ் கறை மேல மண்ணெண்ணெய் தேய்ச்சு, சுடுதண்ணியில சோடா போட்டு ஊற வெச்சிட்டுத்தான் "சாப்புட்டியா சாமி"ன்னே கேப்பாங்க. போர்வெல் வண்டிக்கு ஆள் அனுப்பற வீட்டுல எல்லாம் இதான் பழக்கம். அந்த நாத்தம் வீட்டுக்குள்ள பூந்துட்டா லேசுல போகாதே.

மத்தியப் பிரதேசத்துல போர் போடும்போது, ராடு மாத்தறப்போ கொக்கி விட்டுப்போய் அந்த இரும்பு ராடு உன் மேல விழுந்துச்சு. உன்னை ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தாங்க. உன் பை பின்னாடி தனியா வந்துச்சு, உன்கூட வண்டியில வேலை பாத்த பூபதி அண்ணன் கையில. அம்மா வாசல்லயே வாங்கினாங்க. நேரா கொல்லைக்குப் போனாங்க. கை அதுபாட்டுக்கு வேலை செஞ்சுது. மண்ணெண்ணெய், சோடா, சுடுதண்ணி, எல்லாம் வரிசையா. நாங்க யாரும் தடுக்கல. அழுதுக்கிட்டே கெடந்தவங்க எந்திரிச்சு வேலை பாக்கறாங்களேன்னு நிம்மதியாக் கூட இருந்துச்சு.

கொடியில காயப் போடும்போதுதான் உன் சட்டையை மூஞ்சில வெச்சுப் பாத்தாங்க. சோப்புப் பவுடர் வாசம்தான் வந்துச்சு.

"ஐயோ, எம்பையன நானே தொவைச்சு ஊத்திட்டனே!"

உன்னைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குக் கூட அப்படிக் கத்தல அண்ணா. ஓடி வந்தாங்க. இலை முன்னாடி உக்காந்திருந்த பூபதி அண்ணனோட காலரைப் பிடிச்சு இழுத்து மோந்து பாத்தாங்க. அவர் சோத்துல கைய வெச்சபடி அசையாம இருந்தார். "குளிச்சிட்டு வந்துட்டனுங்கம்மா"ன்னு ஏதோ தப்புச் செஞ்சவர் மாதிரி சொல்லிட்டு அழுதார்.

அப்புறம் அம்மா சரியாச் சாப்பிடல. டீக்கடையோரம் எந்த போர்வெல் வண்டி நின்னாலும் போய்ப் பின்னாடி நின்னுக்குவாங்க. அப்பா போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவார். ஒரு ஆள் இந்த உலகத்துல இருந்தான்னு காட்ட மூக்குக்கு ஒரு சாட்சி வேணுமா என்ன? வேணும்போலத்தான் இருக்கு.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். பெரியம்மா சாக்கை விரிச்சுப் பிடிக்க, நான் எடுத்துப் போட்டேன். உன் முழங்கால் கிழிஞ்ச ஜீன்ஸைப் பாத்துட்டு, "கிழிஞ்சதப் போட்டுக்கிட்டு வடக்க போயிக் கஷ்டப்பட்டிருக்குதே புள்ள"ன்னு ஒரே அழுகை. "அது காசு குடுத்துக் கிழிச்சது பெரியம்மா"ன்னேன். "ஏனாம், இங்க கிழிக்க ஆளில்லையாமா?"ன்னு அழுதுக்கிட்டே கேட்டாங்க. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். அப்புறம் சிரிச்சதுக்காக அழுதோம். துணியைத் தொட இவ்வளவு துணிவு வேணும்னு எந்தப் பாடத்துலயும் சொல்லித் தரல பாரு.

உன் கட்டம் போட்ட சட்டையில ஒரு கை மட்டும் முனையில மூடித் தெச்சிருந்துச்சு. என் கைவரிசைதான். நீ அவசரமாப் போட்டுக்கிட்டுக் கை வெளிய வராமத் தவிக்கறதைப் பாக்கணும்னு வெச்சது. நீ அதைக் கண்டுபிடிக்காமயே போயிட்ட. தையலைப் பிரிச்சிட்டுத்தான் சாக்குல போட்டேன். அங்க போயும் நீ கை நுழையாமத் திண்டாடக் கூடாதில்ல?

"உன்ற தட்டையும் பிரிச்சுப் பாரு கண்ணு. அவன் துணி கலந்து கெடக்கும்"னாங்க பெரியம்மா.

அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு.

நீ ஒவ்வொரு தடவை போர் போடப் போகும்போதும் என் மேல ஒரு போர் தொடுத்துட்டுத்தானே போவ? அம்மா கண்ணுல படாத ஒரு அழுக்கு பனியனை என் துணிக்குள்ள ஒளிச்சு வெப்ப. யூனிபார்ம்ல டீசல் நாத்தத்தோட நான் போக, "பெட்ரோல் பங்க்ல வேலைக்குச் சேந்துட்டியாடி?"ன்னு கிளாஸே கேக்கும். கடைசியா அப்பா உன்னை சூரமங்கலத்துல ரயில் ஏத்திட்டு வீடு திரும்பறதுக்குள்ள நீ போன் பண்ணுன. "ஏனுங்க மேடம், ரூம்ல ஏதாச்சும் வாசம் வருதுங்களா?" தேடிப் பாத்தேன், கெடைக்கல. "கெடைக்காது புள்ள, இது வேற டெக்னிக்கு"ன்னு சிரிச்ச. அப்புறம் எனக்குப் பரீட்சை வந்துச்சு. அப்புறம் நீ வந்த.

கீழ்த்தட்டு மொத்தத்தையும் தரையில கொட்டினேன். சுடிதார், பாவாடை, பழைய யூனிபார்ம் எல்லாத்தையும் உதறினேன். பெரியம்மா பயந்துட்டாங்க. "என்ன தேடற கண்ணு?" வருசத்துக்கு ஒரு தடவை ஏற்காட்டுக்குன்னு எடுக்கற ஸ்வெட்டர் அடியில கெடந்துச்சு. அதோட கைக்குள்ள உருட்டித் திணிச்ச ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ள உன் பனியன். கவர்ல ஊக்கு முனையால குத்தின ஒரே ஒரு ஓட்டை. நாத்தம் மொத்தமா வந்தா நான் சீக்கிரம் கண்டுபிடிச்சிருவேன், மெதுவாக் கசியட்டும்னு விட்டிருக்க. படிப்புல காட்டாத மூளையெல்லாம் இதுலதான் காட்டியிருக்க.

பிரிச்சேன். டீசல், கிரீஸ், கல்லு மாவு, அதுக்கெல்லாம் அடியில உன் வேர்வை. குமட்டிக்கிட்டு வந்துச்சு. இவ்வளவு சந்தோசமா எனக்குக் குமட்டுனதே இல்ல.

"அதையும் போடு கண்ணு. ஒண்ணும் வெக்கக் கூடாது"ன்னு பெரியம்மா சாக்கை நீட்டினாங்க. நான் கொல்லைக்கு ஓடினேன்.

அம்மா துவைக்கிற கல்லு மேல சும்மா உக்காந்திருந்தாங்க. நான் நீட்டினதும் வாங்கினாங்க. ஒரு கை தானா சோப்பு டப்பா பக்கம் போச்சு.

"தொவைச்சுராதீங்கம்மா!"

கை நின்னுச்சு. பனியனை மெதுவா மூஞ்சிக்குக் கொண்டு போனாங்க. ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. மூச்சு விடறாங்களான்னு கூட எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. அழுவாங்கன்னு நெனச்சேன். அழல. "கவர் எங்க?"ன்னாங்க. குடுத்தேன். வெயில்ல தூக்கிப் பிடிச்சு, விரலால தடவி அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க.

"இத மொதல்ல அடை சாமி. இருக்கறதும் போயிரும்."

என்கிட்ட இருந்தது காயத்துக்கு ஒட்டற பிளாஸ்திரிதான். அதையே ஒட்டினேன்.

பெரியம்மா பின்னாடியே வந்துட்டாங்க, சாக்கைத் தூக்கிட்டு அப்பாவும் வந்தார். "எல்லாம் எடுத்தாச்சுங்களா தம்பி?"ன்னு அப்பாவைக் கேட்டாங்க. அப்பா அம்மா மடியிலிருந்த கவரைப் பாத்தார். "எல்லாம் எடுத்தாச்சுங்க"ன்னார். நம்ம அப்பா பொய் சொல்லி நீ கேட்டிருக்கியா? சாக்கை வண்டியில வெச்சுக் கட்டிக்கிட்டு காவிரிக்குப் போனார். திரும்பி வரும்போது முழங்கால் வரைக்கும் வேட்டி நனைஞ்சிருந்துச்சு. நேராப் போய்ச் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டார்.

அம்மா அன்னிக்குச் சாப்பிட்டாங்க. கவர் இப்ப உன் மேல்தட்டுல இருக்கு. எப்பவாவது பிரிச்சு, ஒரே ஒரு மூச்சு இழுத்துட்டு உடனே மூடிடறாங்க. பிரிக்கப் பிரிக்கக் கொறையும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். ஒருநாள் பிரிப்பாங்க, வெறும் பழைய துணி வாசம்தான் வரும். அன்னிக்கு நான் என்ன பண்ணட்டும்? உன் டெக்னிக் எதுவும் அதுக்கு இல்லையா?

ஒண்ணு மட்டும் சொல்றேன், நம்பிக்க. அந்தக் கவரை நான் இனிப் பிரிக்க மாட்டேன். என் பங்கு மூச்சையும் அம்மாவுக்கே விட்டுட்டேன். நீ போட்ட ஓட்டை வழியா இத்தனை நாளும் கசிஞ்சது ஸ்வெட்டர் கையில கொஞ்சம் ஏறியிருக்கு. எனக்கு அது போதும். அதை நான் தொவைக்க மாட்டேன், யாரையும் தொவைக்க விடவும் மாட்டேன்.

அலமாரி வேணா எனக்குக் கெடைச்சிருக்கலாம். போர்ல செயிச்சது நீதான்.

டீசல் நாத்தமடிக்கிற ஸ்வெட்டரோட,
உன் ஒரே தங்கச்சி