கையில் பழகிய எலிகள்

பட்டுக்குட்டி,

நலமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீ செத்துப்போனதை என் கை இன்னும் நம்பவில்லை.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு எலிகளைப் பழக்கும் வேலை. விழித்திருக்கும் எலியின் மூளை என்ன செய்கிறது என்று, தலையில் வயர் மாட்டிப் பதிவு செய்கிறார்கள். அதற்கு முன் தினமும் நான் அதை உள்ளங்கையில் வைத்துத் தடவ வேண்டும்.

"எதுக்கு சார் இவ்வளவு கொஞ்சல்?" என்றேன்.

"பயந்துட்டே இருந்தா பயம்தாம்மா பதிவாகும். அதுக்காகத் தூங்க வெச்சிடாதீங்க!" என்றார் ஆய்வு நடத்தும் டாக்டர். நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் உன் தலையிலும் வயர் மாட்டிய அன்று, நான் இங்கே இந்த எலிகளைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

உன் தலையணை உறையைத் துவைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டர் கூப்பிடுகிறார், போக வேண்டும்.

அன்றைக்கு அந்த மெஷினில் உன் பயம்தான் பதிவாச்சா, கண்ணு?

அம்மா