அண்ணனுக்காக அப்பா எழுதாத பக்கம்

பெரியப்பா,

அறை முழுக்க அச்சு மை மணக்கிறது. நீங்கள் போன முப்பத்தோராம் நாளில் கொடுக்கப்போகும் நினைவு மலரின் மாதிரி அச்சுத் தாள்கள் என் மேசையில் கிடக்கின்றன. பிழை பார்க்கச் சொல்லி உங்கள் மகள், அக்கா, கொட்டாஞ்சேனையிலிருந்து அனுப்பியிருக்கிறார். பதினான்காம் பக்கத்தில் ‘சகோதரரின் நினைவில்’ என்ற தலைப்பு மட்டும் இருக்கிறது. உங்கள் தம்பி, என் அப்பா, எழுத வேண்டிய பக்கம். நாளைக் காலை எல்லாம் அச்சுக்குப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். சோற்றில் கை வைக்கும் முன்பே அரசியல் தொடங்கும். நீங்கள் தெற்குச் சிங்களக் கட்சியொன்றின் பக்கம் சாய்ந்திருந்தீர்கள். அப்பா தமிழ்க் கட்சியைத் தவிர வேறெதற்கும் வாக்குச்சீட்டில் புள்ளடி போடாதவர்.

“உன்ரை ஆக்கள் அறிக்கை விட்டே கிழவராகிட்டினம்.”

“உங்கடை ஆக்கள் வந்தா பொலிஸிலை தமிழிலை முறைப்பாடு எழுதுவினமோ அண்ணை?”

“எழுதுவினம். முதல்லை அந்தப் பாரை மீன் துண்டை இஞ்சாலை தள்ளு.”

அப்பா தள்ளுவார். பெரிய துண்டாகப் பார்த்துத்தான் தள்ளுவார்.

தேர்தல் கிழமை நீங்கள் அந்தக் கட்சியின் மேடையில் நிற்கும் படத்தை யாரோ அப்பாவுக்கு அனுப்பினார்கள். அப்பா தொலைபேசியில் கத்தியது எனக்குக் கேட்டது. அடுத்த நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

“கொப்பன் என்னைப் பற்றி என்ன சொல்றான்?” சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள்.

பொய் சொல்வதில்லை என்பதில் எனக்கு அப்போது ஒரு பெருமை இருந்தது. “துரோகி எண்டு சொன்னவர்.”

“உண்மையாவோ?”

“ஓம், பெரியப்பா.”

“தேத்தண்ணி ஆறுது. குடி.”

அதற்குப் பிறகு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாலு மாதத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

செத்தவீட்டில் அப்பா உள்ளே வராமல் வாசலுக்கு வெளியே ஒழுங்கையிலேயே நின்றார். “அண்ணைக்கு நாங்கள் தேவையில்லை, கட்சி காணும் எண்டு போச்சு,” என்று அம்மாவிடம் சொன்னார். துரோகி என்று அவர் அன்று சொன்னது உங்கள் காதுக்கு வந்தது அவருக்குத் தெரியாது. கொண்டுவந்தவள் நான் என்பதும் தெரியாது. சொன்னால் அவர் எப்படித் தாங்குவார்? சொல்லாவிட்டால், நீங்கள்தான் அவரை விட்டுப்போனீர்கள் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பார்.

நேற்று அவர் பெயரில் நானே அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலோடு பள்ளிக்கூடச் சோதனை எழுதப் போனவரை நீங்கள் சைக்கிளில் ஏற்றிப்போய், முடியும்வரை வெயிலில் நின்ற கதையை. அப்பா முழுவதும் வாசித்தார். பிறகு அடியில் இருந்த தன் பெயரைப் பேனையால் வெட்டினார்.

“எல்லாம் நடந்ததுதான். ஆனா என்னை விட்டிட்டுப் போனவருக்கு நான் எழுதேலாது பிள்ளை.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாளை வாங்கி மடித்து வைத்தேன்.

இப்போதுதான் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

“சித்தப்பா எழுதினவரோ?”

“இல்லை அக்கா.”

“அப்ப அந்தப் பக்கத்தை எடுக்கட்டோ?”

“எடுக்க வேண்டாம். தலைப்போடை வெறுமையா விடுங்கோ.”

“சனம் கதைக்கும்.”

“கதைக்கட்டும்.”

முப்பத்தோராம் நாளில் மலரை நான்தான் எல்லோர் கையிலும் கொடுப்பேன். யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து, தம்பி ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். பதில் என்னிடம்தான் இருக்கிறது, பெரியப்பா. அதை முதலில் கேட்க வேண்டியவர் அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் எழுந்து போகவில்லை.