தண்ணீர் கொண்டு வந்த 7.44 வண்டி

12 பிப்ரவரி 1968, காரிமங்கலம்

போன வருஷத்து டைம் நோட்டில் முப்பது பக்கம் எழுதாமல் மிச்சம். பஸ் முதலாளிகள் சங்கத்து ஆபீசில் கேட்டதற்கு, "கிழிச்சுப் போடுங்க ராஜப்பன்" என்றார்கள். கிழிக்க மனசு வரவில்லை. இனி இது என் நோட்டு. பஸ் வந்த நேரம், போன நேரம் தவிர இந்த மண்டைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இருக்கிறது. மத்தியானம் 12.20 வண்டி போனால் அடுத்தது 1.45. அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டு வெந்துகொண்டு கிடக்கும். டைம் கீப்பர் ஆபீஸ் என்று சொல்லிக்கொள்கிற மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடியே கனவு காண்கிறேன். சந்தை கேட் வரைக்கும் ரோட்டோரம் பச்சை. தரையில் நிழல் அசைகிறது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று இருக்கிறாள். பஸ்ஸையே விட்டுவிடுகிற அளவுக்கு நிழல்! ஒரு டைம் கீப்பர் காணக்கூடிய கனவா இது?

காவேரியிடம் சொன்னேன். "கனவுலயாவது வூட்டுக்கு நேரத்துக்கு வர்றீங்களா?" என்றாள். இவளைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருஷம்.

25 பிப்ரவரி

கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நான்கு பேர். நான், தகரப்பெட்டியும் வாளியும் செய்கிற அப்துல் கனி பாய், பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்கட்டி விற்கும் ராணியம்மாள், காலை 7.44க்கு இங்கிருந்து தர்மபுரிக்குப் போகும் நீல வண்டியின் டிரைவர் காளியப்பன். கேட்டது எல்லோரையும்தான். வந்தது இவ்வளவுதான்.

ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம்கள் பள்ளத்தில் கிடக்கின்றன. அதைப் பாதியாக வெட்டி, மண் போட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தை கேட் வரைக்கும் பன்னிரண்டு தொட்டி வைப்பது. ஸ்டாண்டுக்குப் பின்னால் குப்பை கொட்டுகிற இடத்தைச் சுத்தம் பண்ணி ஊருக்குப் பொதுவாக ஒரு தோட்டம். டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் வரைந்தேன். பன்னிரண்டு வட்டம். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒவ்வொண்ணும் எந்தக் கடைக்கு எதிர்லன்னு எழுதுங்க. அப்புறம் என் கடைக்கு இல்லன்னு சண்டை வரும்" என்றார். எழுதினேன்.

பஞ்சாயத்துத் தலைவர் வாயாலேயே அனுமதி கொடுத்துவிட்டார். "வெச்சுக்குங்க. தண்ணிக்கு மட்டும் எங்கிட்ட வந்துறாதீங்க."

11 மார்ச்

ஆறு தொட்டியில் கனகாம்பரமும் சாமந்தியும் நட்டாயிற்று. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

19 மார்ச்

எல்லாம் செத்துப் போச்சு. எல்லாம்!

டிரம்மின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தார் வெயிலில் உருகி இறங்கி, வேரெல்லாம் கருகிவிட்டது. நாலு பேரில் ஒருவருக்காவது தோன்றியதா? ராணியம்மாள் ஒரு செடியைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க டைம்காரரே. பூ வாசமா வருது? ரோடு வாசம் வருது." தலை குனிந்து நின்றேன். பாய் என்னைவிடக் குனிந்து நின்றார்.

21 மார்ச்

பாய் வந்தார். டிரம்முக்கு அடிப்பாகமே வேண்டாம், நெருப்புப் போட்டுத் தாரைச் சுட்டு எடுத்துவிட்டு வெறும் வளையமாக நிறுத்தலாம் என்கிறார். வேர் தரைக்குள் போய்க்கொள்ளும், டிரம் ஆட்டுக்குத் தடுப்பு. அப்படியானால் பூச்செடி எதற்கு, மரமே வைக்கலாமே? "புங்கன் வைங்க. ஆடு வாய் வெக்காது. நானும் நிழல்ல உக்காருவன்" — இது ராணியம்மாள்.

9 மே

கோடை மழை இரண்டு நாள் பெய்தது. ஐந்து புங்கங்கன்று நட்டோம். பன்னிரண்டுக்குக் கன்று கிடைக்கவில்லை. பின்பக்கத்துக் குப்பை மேட்டில் கை வைக்கவே முடியவில்லை. ஐந்து. போதும், இப்போதைக்கு.

14 ஜூலை

மழையே இல்லை. ஸ்டாண்டுக் கிணற்றில் வாளி தரையில் இடிக்கிறது. ஊரே குடத்தோடு அலையும்போது மரத்துக்குத் தண்ணீர் என்று யாரிடம் வாயைத் திறப்பது? காவேரி பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தருகிறாள். ஒரு கன்றுக்கே காணாது. இலை சுருண்டுவிட்டது.

மத்தியானம் கனவில் நீல வண்டி வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் இலை. படியிலிருந்து தண்ணீர் வழிந்து இறங்குகிறது. யாரும் கால் நனையுதென்று கோபித்துக்கொள்ளவில்லை. காளியப்பனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

16 ஜூலை

காளியப்பன் கெட்டிக்காரர்! நீல வண்டி கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறது. வழியில் காவேரிப்பட்டணத்தில் ஆறு. இன்றைக்கு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நான்கு மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். டின்னுக்குக் கைப்பிடி வைத்தது பாய். காளியப்பனும் கண்டக்டரும் இறங்கி ஊற்றினார்கள். மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. உண்மையாகவே கேட்டது.

ஊற்றி முடிக்க நேரம் ஆகிவிட்டது. 7.44க்கு எடுக்க வேண்டிய வண்டி 7.46க்குப் போனது. லேட் என்று எழுதினால் காளியப்பனுக்கு முதலாளியிடம் திட்டு. சங்கத்து டைம் நோட்டில் 7.44 என்று எழுதினேன். இந்த நோட்டில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கிறேன். எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மை இருக்கட்டும்.

17 ஜூலை

எழுதியது 7.44. போனது 7.46.

18 ஜூலை

எழுதியது 7.44. போனது 7.47. முதல் கன்றில் புதுத் துளிர்.

8 ஆகஸ்ட்

எழுதியது 7.44. போனது 7.48. ஐந்தும் பிழைத்துவிட்டன. ராணியம்மாள் மூன்றாவது டிரம்முக்குப் பக்கத்தில் கூடையை மாற்றிக்கொண்டாள். அதன் நிழல் அவள் கூடைக்கே போதாது. ஆனாலும் உட்கார்ந்திருக்கிறாள்.

21 செப்டம்பர்

பச்சை வண்டி 7.50க்கு இங்கிருந்தே கிளம்புவது. அதுவும் தர்மபுரிக்குத்தான். இன்றைக்குப் பதினொரு பேரோடு போனது. நீல வண்டி 7.48 வரைக்கும் நின்றால் அதற்கு மிஞ்சியது அவ்வளவுதான். பார்த்தேன். பார்த்துவிட்டு மரத்தைப் பார்த்தேன்.

30 செப்டம்பர்

பச்சை வண்டிக் கண்டக்டர் மாது பெட்டி ஆபீசுக்கு முன்னால் வந்து நின்றான். பாப்பாரப்பட்டிக்காரன், சத்தமாகப் பேசாதவன்.

"டைம்காரரே, ரெண்டு மாசமா எம் வண்டி காலியாப் போவுது. நீல வண்டிய நேரத்துக்கு எடுக்கச் சொல்லுங்க."

"நேரத்துக்குத்தானே எடுக்கறாங்க" என்றேன். சங்கத்து நோட்டைக்கூட எடுத்துக் காட்டினேன். 7.44, 7.44, 7.44. அவன் நோட்டைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். வண்டிக்குத் திரும்பிப் போய்விட்டான்.

நான்கு நிமிடம்தானே? நான்கு நிமிடத்தில் என்ன குடிமுழுகிவிடும்?

14 அக்டோபர்

குடிமுழுகிவிட்டது. மாதுவை வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள். வண்டியில் ஆள் ஏறுகிறது, இவன்தான் டிக்கெட் கிழிக்காமல் காசைப் பையில் போட்டுக்கொள்கிறான் என்று அவன் முதலாளி முடிவு பண்ணிவிட்டார். நீல வண்டி நேரத்துக்குப் போகிறது என்று டைம் நோட்டே சொல்லுகிறதே, அப்புறம் பச்சை வண்டிக்கு ஆள் எப்படிக் குறையும் என்று கேட்கிறாராம்.

நான் எழுதிய டைம் நோட்டு சொல்லுகிறது. என் கையெழுத்து.

அவனைத் திருடன் என்கிறார்கள். நான் பெட்டிக்குள் உட்கார்ந்து மரம் துளிர்க்கிற அழகைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சீ.

17 அக்டோபர்

அடுத்த வாரம் சங்கத்தில் விசாரணை. மாது கேட்டிருக்கிறான். பாய் வந்து, "சுவர்க் கடிகாரம் மெதுவா ஓடுதுன்னு சொல்லிடுங்க. நானே வந்து சாட்சி சொல்றன். யார் மேலயும் தப்பு வராது" என்றார். நல்ல மனுஷர். கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது.

அப்படிச் சொன்னால் மாது தப்பிப்பானா? கொஞ்சம். திருடன் என்கிற பேர் போகுமா? போகாது. உள்ளதைச் சொன்னால் என் வேலை போகும், காளியப்பனுக்குத் திட்டு விழும், தண்ணீர் நிற்கும். ஐந்தும் காயும்.

காவேரியிடம் எல்லாம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மாது பொண்டாட்டி தண்ணிக் குழாயாண்ட நிக்கறா. ஒருத்தியும் அவகிட்ட பேசல. நானும் பேசாம வந்தன்." சோறு போட்டாள். பாதியில் கை கழுவிவிட்டு எழுந்தேன்.

23 அக்டோபர்

தர்மபுரிக்கு, சங்கத்து ஆபீசுக்குப் போனேன். விசாரணையில் வாயால் சொல்ல வரவில்லை. இந்த நோட்டை மேஜை மேல் வைத்தேன். "எழுதியது, போனது. ரெண்டும் இதுல இருக்குதுங்க. மாது சொல்றதுதான் நிஜம். காளியப்பன் என்னை நம்பித்தான் நின்னாரு, தப்பு என்னுது." அவ்வளவுதான் சொன்னேன்.

மாது மூலையில் நின்றுகொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

4 நவம்பர்

நோட்டு திரும்பி வந்தது. 23ஆம் தேதி டிரிப் ஷீட்டில் எழுதி வைத்ததை உள்ளே ஒட்டினேன். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சில் டிக். அப்படியானால் சங்கத்து செக்ரட்டரி எல்லாப் பக்கத்தையும் படித்திருக்கிறார். ஜன்னலில் இலை முளைத்த பஸ்ஸையும் படித்திருப்பார்! வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

மாதுவுக்குப் பச்சை வண்டி திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்கு அரூருக்கு மாற்றல். வேலையை விட்டு எடுக்காததே பெரிசு. இனிமேல் எந்த வண்டியிலும் தண்ணி டின் ஏற்றக்கூடாது என்று உத்தரவு. ஐந்து கன்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இடுப்பு உயரம். தொடவில்லை. தொட்டால் அழுதுவிடுவேன்.

ராணியம்மாள் ஒரு முழம் பூவைக் காவேரிக்கென்று கொடுத்தாள். காசு வாங்கவில்லை. பன்னிரண்டு வட்டம் வரைந்த காகிதத்தைப் பாய் கேட்டார். கொடுத்துவிட்டேன். இனி எனக்கெதற்கு?

2 மார்ச் 1969, அரூர்

இங்கே ஸ்டாண்டில் ஏற்கெனவே ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் கீழே போய் நான் உட்காருவதில்லை.

19 ஏப்ரல் 1969

காரிமங்கலம் பக்கத்து டிரைவர் ஒருவர் வந்தார். மரம் எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்? கேட்காத வரைக்கும் அங்கே ஐந்து மரம் நிற்கிறது.

23 மே 1976, பஸ்ஸில்

இந்த நோட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஒரு பக்கம் மிச்சம். காவேரியின் தம்பி மகள் கல்யாணம் கிருஷ்ணகிரியில் முடிந்து திரும்புகிறோம். ஊத்தங்கரை வழியாகவே அரூர் போயிருக்கலாம். தர்மபுரியில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொன்னேன். காவேரி, "ஆமாமா, பெரிய வேலை" என்று ஜன்னலோரமாக எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். எல்லாம் தெரிந்தவள்.

ஏறிய பிறகுதான் கவனித்தேன், பச்சை வண்டி. இப்போது கிருஷ்ணகிரியிலிருந்தே ஓடுகிறதாம். காவேரிப்பட்டணத்தில் கண்டக்டர் இறங்கி, கைப்பிடி வைத்த மண்ணெண்ணெய் டின்களைத் தூக்கி ஏற்றினான். கைப்பிடியின் ஈயப் பற்றைப் பார்த்ததுமே பாய் வேலை என்று தெரிந்துவிட்டது. கூட்டத்தில் டிக்கெட் கைமாறித்தான் வந்திருந்தது; அப்புறம்தான் கண்டக்டர் முகத்தைப் பார்த்தேன். மாது. காதோரம் நரைத்திருக்கிறான்.

காரிமங்கலம் வந்தது. எனக்கு ஸ்டாண்டே தெரியவில்லை. என் பெட்டி ஆபீஸ் எங்கே என்று தேடினேன். அது இலைக்குள் இருந்தது. தரையெல்லாம் புங்கம்பூ, பொரி கொட்டியதுபோல. ராணியம்மாள் — அவளேதான் — மூன்றாவது மரத்தில் சாய்ந்து பூக்கட்டிக்கொண்டே தூங்கி வழிகிறாள். ரோட்டைப் பார்த்து எண்ணினேன். ஐந்து இல்லை. பன்னிரண்டு. ஒவ்வொன்றும் நான் எழுதிய கடைக்கு எதிரில். கடைசி இரண்டும் சின்னக் கன்று, டிரம்முக்குள். மாது டின்னோடு அந்த இரண்டுக்குத்தான் ஓடினான்.

நானும் இறங்கி ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"டைம்காரரே! நீங்களா!" டின்னைக் கீழே வைத்துவிட்டான்.

"டின்னு ஏத்தக் கூடாதுன்னாங்களே மாது?"

"ஆமாங்க. காளியப்பண்ணன் நிறுத்திட்டாரு. அஞ்சும் வாடி நின்னுச்சு. தெனம் காலைல 7.50 வரைக்கும் இங்க நின்னு அதயே பாக்கறவன் நான்தானுங்க. பாக்க முடியல. அப்பத்தான் எம் வண்டியும் கிருஷ்ணகிரிலருந்து ஓட ஆரம்பிச்சுது. முதலாளிகிட்ட போயி நேராவே கேட்டன். லேட்டானா லேட்டுன்னு எழுதட்டும், பதில் நான் சொல்லிக்கறன்னேன். திருடன்னு சொன்னவராச்சே, அவருக்கும் மறுக்க வாய் வரல, சங்கத்துலயும் அவரே பேசிட்டாரு." கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னான், சத்தமில்லாமல்.

வண்டிக்குள் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். புது டைம் கீப்பர் இலைக்குள்ளிருந்து விசில் ஊதுகிறார். "மாதண்ணா, நேரம் போச்சு! மூணு நிமிசம் லேட்டுன்னு எழுதறன்!"

"எழுதிக்கங்க!" என்றான் மாது.

அந்த வார்த்தை எனக்கு வரவில்லையே, அன்றைக்கு. எவ்வளவு சின்ன வார்த்தை.

காவேரி என் கண்ணைப் பார்த்துவிட்டு முந்தானையை நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவளே துடைத்துக்கொண்டாள். வண்டி குலுங்குகிறது, எழுத்து கோணல் மாணலாகப் போகிறது. இருந்தாலும் இதை எழுதிவிட வேண்டும்.

காரிமங்கலம். வந்தது 7.45. போக வேண்டியது 7.50. போனது 7.53.