நொண்டிக்குதிரை மேய்ச்சலுக்குப் போகும் கன்றுகள்

பைசாந்து, ஜூன் 9

பெருமதிப்பிற்குரிய தந்தையார் எலூத்தேரியோ அவர்களுக்கு, மகள் சுல்மா பணிந்து எழுதுவது. என் உடல்நலத்திற்குக் குறைவில்லை. தங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

சென்ற செவ்வாயன்று நான் வேலை செய்யும் நாற்றுப்பண்ணையில் ஒரு சிறு வேடிக்கை. லாரியில் ஏற்றவிருந்த தைலமரக் கன்றுகளின் தட்டுகளில், அவை போய்ச் சேரும் நிலத்தின் பெயர்ச்சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் நேலிதா ஒன்றைப் படித்துச் சிரித்தார்.

"நொண்டிக்குதிரை மேய்ச்சலாம். ஏன்டி சுல்மா, அங்க நட்டா மரமும் நொண்டுமா?"

"எங்க கொள்ளுத்தாத்தா வெச்ச பேரு அது, அக்கா. அங்க எங்கப்பாவோட அறுபது மாடு மேயுது."

"மேஞ்சுதுன்னு சொல்லு," என்றார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டதைத் தாங்கள் மறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அண்டை நிலத்தார் அனைவரும் மரத்திற்கு மாறியபின், தாங்கள் ஒருவர் மட்டும் எத்தனை காலம் மாடு வளர்க்க இயலும்? மீதித் தட்டுகளுக்கும் நானே பிழையின்றிச் சீட்டு ஒட்டினேன்.

அஞ்சல்காரர் காத்திருக்கிறார். இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது; என் கம்பளிப் போர்வையை அனுப்பிவையுங்கள். இதுவரை பேருந்திலிருந்து இறங்கியதும் நம் வீட்டுக் கூரை தெரியும். அதை நோக்கி நடந்துவிடுவேன். மரங்கள் வளர்ந்தபின் அது தெரியாது. சாலையிலிருந்து எத்தனையாவது வேலிக்கதவில் திரும்ப வேண்டும் என்று எண்ணி எழுதுங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
சுல்மா