கத்த மறந்த கதவு

ஜூன் 9
உராய்வுப் பாடத்தை இனி வீடுகளில் படிக்க வேண்டுமாம். உதவிக்கு ஆளில்லாதவர் வீட்டில் ஒரு பழுதைச் சரிசெய்து, எப்படிச் சரியானது என்று வகுப்பில் விளக்க வேண்டும். இருவர் இருவராகச் சேரச் சொன்னார் பட்டறை ஆசிரியர். மிஞ்சியது யாரென்று சொல்லவும் வேண்டுமா? "ஊமைக்கோட்டான் தனியாவே போகட்டும் சார்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் 12
பார்வை மங்கிய தையற்கார அம்மா வீடு. கேட்டது தையல் மெஷின் பெடல் மட்டும். வாசல் கதவு கிறீச்சென்று கத்தி ஊரையே கூட்டியதால், கேட்காமலே அதன் கீல்களிலும் துருவைத் தேய்த்து எண்ணெய் விட்டேன்.

ஜூன் 13
வகுப்பில் விளக்கினேன், பத்துக்குப் பத்து. சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை.

ஜூன் 16
பெடலைப் பார்க்கப் போனால் ஒரே திட்டு. "உன்னை யாருடி கதவைத் தொடச் சொன்னது? அது கத்தினாத்தான் என் புள்ள வந்துட்டான்னு தெரியும். இப்ப அவன் வந்து படுத்தது தெரியாம விடிய விடிய உக்காந்திருக்கேன்."
மகன் லாரி ஓட்டுகிறார். நேரங்கெட்ட நேரத்தில் வந்து, அம்மா தூங்கட்டுமென்று சத்தமில்லாமல் படுத்துவிடுவாராம். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு!

ஜூன் 20
கதவை மறுபடி கத்தவைக்கத் தினமும் மாலையில் போகிறேன். மண்ணெண்ணெயில் கழுவினேன், உப்புத்தண்ணீர் விட்டேன். உராய்வைக் குறைக்க எத்தனையோ வழி படித்தோம். கூட்ட ஒன்றுகூட இல்லை.
"பேசேன்டி, வாய்க்கு என்ன வாடகையா கேக்குறாங்க?" என்றார். பேசினேன். விடுதியில் தனியாகச் சாப்பிடுவதைக்கூடச் சொன்னேன்.

ஜூன் 23
இன்று கத்தியது. அம்மா குளித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டேன்.
"இன்னும் சரியாகலம்மா, நாளைக்கும் வரேன்."
சீ, நான் என்ன பிறவி? அவர் இன்றைக்கும் தூங்கமாட்டாரே — எனக்குப் பேச்சுத்துணை வேண்டுமென்றா?

ஜூன் 24
விடிந்ததும் ஓடினேன். எண்ணெயைத் துடைத்துக் கழுவினேன். கதவு கத்தியது.
"வந்துட்டியாப்பா?" என்று எழுந்தார்.
"நான்தாம்மா. கதவு சரியாயிடுச்சு."
"அப்ப இனிமே நீ வரமாட்ட" என்றார். கேள்வியாகக்கூட இல்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 2
ஒரு வாரமாகப் போகவில்லை. இன்று கால்கள் தாமாகவே அந்தத் தெருவுக்குத் திரும்பின. கதவைத் தள்ளினேன், பாதிக் கத்தலிலேயே நிறுத்தி உள்ளே போகத் தயங்கினேன்.
"அவனா இருந்தா ஒரே தள்ளாத் தள்ளுவான்" என்றது குரல். "பாதியில நிக்கிறது நீதானே? உள்ள வாடி."