குடை எட்டாத நாடு

முகில் இறங்கித் தங்கும் மலைகளுக்கும் அவற்றின் மடியில் கிடக்கும் ஏழு ஏரிகளுக்கும் காவலரான கார்முகட்டு நாட்டு வேந்தர் கொண்டல்வேள் அறவாழியாரின் திருவுளப்படி, அவர்தம் மூத்த அமைச்சன் எழினி எழுதி விடுக்கும் ஓலை. உப்பும் வெயிலும் குறைவறியாத வெண்மணற்கரை நாட்டை ஆளும் அரசியார், அலைகடலை எல்லையாக உடைய திரைமகள் தேவியார் திருமுன் இது வாசிக்கப்படுக. தேவியாரின் உப்பளங்கள் மழை காணாது விளைக. தோணிகள் புறப்பட்ட துறைக்கே திரும்பி வருக. அரண்மனையில் உள்ளோர் யாவரும் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி நெடுநாள் வாழ்க.

எம் நாட்டிலிருந்து வரும் ஓலை வழக்கமாக மிளகைத் தந்து உப்பைக் கேட்கும். இந்த ஓலை கேட்பது வேறு. இன்று காலை எம் எல்லையான முகில்வாயிற் கணவாயைக் கடந்து, ஒரு பல்லக்கு தேவியாரின் நாட்டை நோக்கி இறங்கியிருக்கிறது. அதில் இருப்பவள் எம் வேந்தரின் ஒரே மகள், எட்டு வயது நிரம்பிய ஆலிநங்கை. பல்லக்குச் சுமப்போர் குழந்தையின் மூச்சுக்கு ஏற்ப நின்று நின்று நடப்பார்கள். ஓலை கொண்டு வருபவன் ஓடி வருவான். ஆகவே அவள் வந்து சேர்வதற்கு மூன்று நாள் முன்னரே இது தேவியாரின் கையை அடையும். அவள் எதற்காக வருகிறாள் என்பதையும், யார் செய்த பிழையால் வருகிறாள் என்பதையும் சிறிதும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பது வேந்தரின் கட்டளை.

எம் நாட்டில் ஆண்டுக்கு ஒன்பது மாதம் மழை. மீதி மூன்று மாதம் மூடுபனி. அதனால் குழந்தை பிறந்த அன்றே அதன் அறையில் தகப்பன் தன் கையால் தீ மூட்டுவான். அதைப் பிறப்புத் தீ என்பார்கள். பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்வரை அது அணையக்கூடாது. விறகு இடுவதும் தகப்பன் கையாகவே இருக்க வேண்டும். அரசனுக்கும் உழவனுக்கும் இதில் வேறுபாடு இல்லை. மூடுபனி உள்ளே புகுந்தால் பிள்ளையின் மார்பில் குளிர் கட்டிவிடும் என்று அஞ்சிச் சன்னல்களைக் கம்பளியால் அடைப்பார்கள். மழை ஒழுகுமே என்று கூரையிலும் புகை வெளியேற வழி விடமாட்டார்கள். எம் காட்டிலோ உலர்ந்த விறகு என்று ஒன்று கிடையாது.

அவையில் தூதர்கள் காத்திருந்தாலும் வேந்தர் முழங்காலிட்டு ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பார். இளவரசி அவர் நெற்றியில் ஒட்டிய கரியைத் துடைக்காமலே அவைக்கு அனுப்பிவிட்டு, எம் அவையில் இன்று கரடி கொலுவிருக்கிறது என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். வெளியே போகும்போது தமக்குப் பிடிக்க வேண்டிய குடையை வாங்கி வேந்தர் மகளுக்குப் பிடித்து நடப்பதால், தந்தையாரை அவள் குடைக்காரரே என்றுதான் அழைப்பாள். சேறு தெறித்தால் குடைக்காரருக்கு இன்று கூலி கிடையாது என்பாள். வேந்தரும் கைகட்டி நின்று, அடுத்த தெருவில் ஒழுங்காகப் பிடிப்பதாக வாக்குக் கொடுப்பார்.

அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது அவள் தாயான எம் அரசியார் அதே அறையில் இருமி இருமி இறந்தார். குளிர்தான் கொண்டுபோயிற்று என்று வேந்தர் நம்பினார். மகளும் இருமத் தொடங்கியபோது, அந்தக் குளிர் இவளையும் தேடி வந்துவிட்டது என்று எண்ணி, இரண்டு விறகு எரிந்த இடத்தில் நான்கு விறகு வைத்தார். இருமல் கூடியது; அவர் ஆறு வைத்தார். கதவிடுக்கில் தம் போர்வையையே கிழித்துத் திணித்தார். குழந்தை மூச்சுக்குத் திணறிய இரவுகளில் ஒரு கண நேரம்கூடத் தீ தாழ விடாமல் விழித்திருந்தார். எம் நாட்டில் எந்தத் தகப்பனும் அதையேதான் செய்திருப்பான். அப்படிச் செய்யாதவனை ஊர் தகப்பன் என்றே சொல்லாது.

சென்ற மாசியில் தேவியாரின் உப்பு வண்டிகளோடு மருத்துவர் கடலனார் வந்தார். அவர் இளவரசியின் அறைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கசக்கினார். சுவரை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வெள்ளைத் துணி ஒன்றைக் குழந்தையின் வாயருகே பிடித்து இருமச் சொல்லி, அதை வேந்தர் கையில் வைத்தார். துணியில் கரி இருந்தது. இந்தப் பிள்ளையை வாட்டுவது குளிர் அன்று, புகை. கதவைத் திறந்து மூடுபனியிலே விட்டிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது என்று கடலனார் பணிவோடு எடுத்துரைத்தார்.

வேந்தர் அந்தத் துணியை விரித்துப் பார்த்தார். பிறகு, அரசிக்கும் இதுதானா என்று ஒன்றே ஒன்று கேட்டார். கடலனார் தலை குனிந்தார்.

அன்றே வேந்தர் ஒரு குடம் நீரைத் தாமே தூக்கி வந்து அந்தத் தீயை அணைத்தார். பத்து வயதுக்கு முன் பிறப்புத் தீ அணைந்த பிள்ளைக்குக் குலத்தில் பெயர் இல்லை என்பது எம் மரபு. குலமூத்தோர் கூடி வந்து, இனி இவள் இளவரசி ஆகமாட்டாள், இவள் வழி அரியணையும் செல்லாது என்று முறையிட்டார்கள். இவள் எதுவாக இருந்தாலும் சரி, மூச்சுவிடட்டும் என்று மட்டும் வேந்தர் மறுமொழி கூறி அவையிலிருந்து எழுந்தார்.

தீ அணைந்த பின் இருமல் குறைந்தது, நிற்கவில்லை. மார்புக்குள் உண்டான புண் ஈரக் காற்றில் ஆறாது, வெயிலும் உப்புக் காற்றும் உள்ள நாட்டில்தான் ஆறும், அடுத்த மழை தொடங்கும் முன் இவளை இறக்கிக்கொண்டு போக வேண்டும் என்றார் கடலனார். ஆறிய பின்னும் இங்கே ஒரு மழைக்காலம் கழிக்க வந்தால் பழைய நிலைக்கே போய்விடுவாள் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. அவரே இப்போது பல்லக்கோடு வருகிறார்.

மகளோடு தந்தையும் வரலாகாதா என்று தேவியார் எண்ணலாம். முன்னொரு வேந்தர் எல்லை கடந்து சென்றிருந்தபோது பெருமழை பெய்து, மதகு திறக்க ஆணையிட ஆள் இல்லாமல் மூன்று ஏரிகள் உடைந்து, கீழே இருந்த ஊர்கள் போயின. அதுமுதல் முடி சூடுபவர் எவரும் கணவாயின் எல்லைக்கல்லைத் தாண்டுவதில்லை என்று ஏரிநீரைத் தொட்டுச் சூளுரைக்கிறார்கள். எம் வேந்தருக்குப் பின் அந்த முடியைத் தாங்க இன்று எவரும் இல்லை. இருந்த ஒருத்தியின் தீயை அவரே அணைத்துவிட்டார்.

இதை மகளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அந்த நாட்டில் மழையே இல்லையாம், குடைக்காரருக்கு அங்கே வேலை கிடைக்காது, அதனால்தான் வர மறுக்கிறீர் என்று கேலி பேசினாள். வேந்தரும் சிரித்து, ஆம், கூலி கிடைக்காத ஊருக்கு வந்து என்ன செய்வேன் என்றார். பிறகு ஏரிக் கணக்கு ஓலைகளைக் கேட்டு வாங்கி, படிக்காமலே நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

இன்று காலை தூறல் இருந்தது. எல்லைக்கல்வரை மகளை நடத்தியே கூட்டி வந்தார். குடையும் அவர் கையில்தான் இருந்தது. கல்லருகே அவர் நின்றார். அவள் நடந்தாள். கால் கல்லைத் தாண்டாதபடி நின்றுகொண்டு, கை எட்டும் மட்டும் குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினார். அவள் இரண்டடியில் குடையைக் கடந்துவிட்டாள். திரும்பிப் பார்த்து, நனைந்துவிட்டேன், இன்றும் கூலி கிடையாது என்று சொல்லிப் பல்லக்கில் ஏறினாள். பல்லக்கு வளைவில் மறைந்த பின்னும் அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. காவலர் அருகே செல்ல அஞ்சினார்கள். எழினி சென்றுதான் குடையை வாங்கினான்.

இனி வேந்தர் தேவியாரை வேண்டுவன. எம் நாட்டில் வெளியில் எவருக்கும் நிழல் விழாது. நிழல் வீட்டுக்குள், தீயின் முன்னால் மட்டுமே உண்டு. வெயிலில் தன் நிழலைக் கண்டால் முதுகுக்குப் பின்னால் தீ எரிகிறது என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். யாராவது அருகிருந்து, அது வெயில்தான், புகையாது என்று சொல்ல வேண்டும். மழையின் ஓசை இல்லாமல் அவள் ஒருநாளும் உறங்கியதில்லை. சிறு துளையிட்ட குடம் ஒன்றை அவள் அறைக்கு வெளியே கட்டி, செப்புத் தட்டின்மேல் நீர் சொட்டும்படி செய்தால் சில நாளில் பழகிவிடுவாள். அறையில் அடுப்போ தூபமோ வேண்டாம். சோற்றில் மிளகு கூடுதலாக இருந்தால் முகம் சுளிப்பாள். சிறிது நேரத்தில் அதையே மீண்டும் கேட்பாள். தந்தையைப் பற்றிக் கேட்டால், ஏரிகள் நிறைந்திருக்கின்றன, அவர் நலம் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் நினைவூட்ட வேண்டாம். பிறப்புத் தீ ஏன் அணைந்தது என்பதை அவள் வளர்ந்து கேட்கும் நாளில் மறைக்க வேண்டாம். தாய் இறந்த காரணத்தையும் மறைக்க வேண்டாம். சொல்பவர் வெறுப்பின்றிச் சொன்னால் போதும்.

இதற்கு மேல் எழுதவேண்டியதை வேந்தர் மூன்று முறை கூறினார். முதல் முறை, நலமானதும் அவளைத் திருப்பி அனுப்புக என்றார். எழுதியதும் அந்த ஓலையை வாங்கி ஒடித்தார். இரண்டாம் முறை, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் மட்டும் எல்லைக்கல்வரை கொண்டுவந்து காட்டுக என்றார், அதையும் ஒடித்தார். மூன்றாம் முறை எழுத்தாணியை எழினியிடமிருந்து வாங்கிக்கொண்டார். பின்வருவது வேந்தரின் சொந்தக் கை.

வெண்மணற்கரை அரசியாருக்கு அறவாழி எழுதுவது. என் மகளைத் திருப்பி அனுப்பும்படி பின்னொரு நாள் என் முத்திரையோடு ஓர் ஓலை வரும். வரும் என்று எனக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து அப்படி இரண்டு ஓலைகளை எழுதவைத்து ஒடித்துவிட்டேன். அது என் கையெழுத்தே ஆனாலும், நான் நோயில் கிடக்கிறேன் என்று அதில் கண்டிருந்தாலும், அதற்குப் பணிய வேண்டாம். இந்த ஓலையை அழியாமல் வைத்திருந்து, அப்படி ஓர் ஓலை வரும்போதெல்லாம் இதைப் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். இதுவே என் கட்டளை. என் பின்னாளைய கட்டளை எதுவும் இதை மாற்றாது.

மழைத்துளி பொறித்த கார்முகட்டு முத்திரை வேந்தரின் கையால் இடப்பட்டது. மலை உள்ளவரை இச்சொல் நிற்க. ஏரி உள்ளவரை இந்நட்பு நிற்க. ஓலையைக் கட்டும் இவ்வேளையில் பெருமழை இறங்கிவிட்டது. மேலேரியின் மதகைத் திறக்க வேந்தர் குடையின்றி நடந்து செல்கிறார்.