கார் ஷெட்டில் மகாராணி

கோபக்காரிக்கு,

கார் ஷெட்ல குதிரை நிக்குது. பார்த்துட்டுக் கத்தாதே, மிரண்டுடும். உன் வண்டியை வெளியேயே நிறுத்து.

லாயத்துல பழைய வைக்கோலையெல்லாம் வாரிக் கொட்டி, தரையைச் சுரண்டி, மருந்து போட்டுக் கழுவி விட்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் காயணும். அதுவரைக்கும் நம்ம மகாராணிக்கு ஷெட்தான் அரண்மனை. தாழ்ப்பாளை வாயாலேயே திறந்துடுவா, அதனால கயித்தையும் சேர்த்துக் கட்டி வை.

நான் புது வைக்கோல் வாங்கப் போறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. கேரட்ல கை வெக்காதே, அது அவளோடது.

"லாயத்தை மட்டும் இழைச்சு இழைச்சுக் கழுவுறே, வீடு கண்ணுக்குத் தெரியலையா"ன்னு நேத்து கேட்டியே. பாத்திரமெல்லாம் கழுவிட்டேன். குளியலறையையும் தேய்ச்சாச்சு. சத்தியமா வேற பிரஷ்.

பி.கு: வேற பிரஷ் இல்ல, அதேதான். ஆனா முதல்ல தேய்ச்சது குளியலறையை. கோபப்பட வேண்டியது குதிரைதான்.

இன்னொண்ணு. "நான் முக்கியமா, அந்தக் குதிரை முக்கியமா"ன்னு கேட்டுட்டு, பதில்கூட வாங்காம டியூட்டிக்குக் கிளம்பிட்டே. பத்து வருஷமா அவளைத் தனியா விட்டுட்டு வெளியே போயிட்டு வரேன். ஒரு நாளாவது அவளுக்குச் சீட்டு எழுதி வெச்சிருக்கேனா?